செக்கர் இல்லாத எதிர்ப்பு சக்தி

நான் எம்.எஸ்சி. தேறியபோது குத்துக்கல்வலசைக்குப் பாதை பிரியும் விலக்கில் எனக்கு ஒரு பிளெக்ஸ் வைத்தார்கள். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா பள்ளிக்கூடத்து வாசலை எனக்குச் சோறு கொண்டுவந்த நாட்களில்தான் பார்த்திருக்கிறாள். அப்பா மூன்றாம் வகுப்போடு லோடு ஏற்றப் போய், இப்போது சொந்தமாக லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அப்படிப்பட்ட வீட்டில் ஒருத்தி இரண்டு பட்டம் வாங்கினால் பிளெக்ஸ் வைக்காமல் வேறு எதற்கு வைப்பார்கள்?

பிளெக்ஸ் கடைக்காரர் அப்பாவிடம், "மக என்ன படிச்சிருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டிருக்கிறார். நான் படித்தது நோய் எதிர்ப்பியல். அப்பா அதைத் தன் வாய்க்கு ஏற்ற அளவில் வெட்டி, "எதிர்ப்பு சக்தி" என்று சொல்லியிருக்கிறார். மூன்றாம் நாள் விலக்கில் நான் கறுப்பு அங்கியோடு நின்றேன். எனக்குப் பின்னால் குற்றால அருவி கொட்டியது. என் இடப்பக்கம் ஒரு சிங்கம் வாயைப் பிளந்தது. தலைக்கு மேல், "எதிர்ப்பு சக்தியின் சிகரமே!" என்று மஞ்சள் எழுத்து. சிங்கம் எதற்கு என்று கேட்டதற்குக் கடைக்காரர், "எதிர்ப்புன்னா சிங்கந்தானம்மா, வேற என்னத்தப் போடச் சொல்லுத?" என்றார்.

அந்த பிளெக்ஸைப் பார்த்து நான் கூசிப் போனேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில், பஸ் பிடிக்கக் குறுக்கு வழி இருந்தும், ஒரு வாரம் விலக்கு வழியாகச் சுற்றித்தான் போனேன்.

அதற்கப்புறம் எங்கள் தெருவில் யாருக்கு எது வந்தாலும் என்னிடம் வந்தார்கள். சளி, சொறி, தூக்கமின்மை, பரீட்சை பயம். ஒருவர் தன் ஆட்டுக்கு எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டதாக அதைக் கயிற்றோடு கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். கொரோனா காலத்தில் கபசுரக் குடிநீர் குடித்துப் பழகிய தெரு அது. அங்கே எதிர்ப்பு சக்தி என்பது குடத்துத் தண்ணீர். குறைந்தால் ஊற்ற வேண்டும். நிறைந்தால் ஆரோக்கியம். வழிந்தால் இன்னும் ஆரோக்கியம்.

நான் இரண்டு வருடம் படித்தது டி செல் என்ற ஒரே ஒரு வகை வெள்ளணுவை. அது எங்கே பிறக்கிறது, எங்கே போய்ப் பக்குவப்படுகிறது, எப்படி ஒன்று கொல்வதற்கும் ஒன்று உதவுவதற்கும் ஒன்று அடக்குவதற்கும் பிரிந்து போகிறது என்பதெல்லாம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். ஆனால் குடத்துக் கணக்கு தவறு என்று தெருவில் யாரிடமும் நான் சொல்லவில்லை. "தெரியாது, அது சிக்கலான விஷயம்" என்கிறவளைவிட, "மிளகு சேத்துக்கோங்க" என்கிறவளுக்கு மரியாதை அதிகம். நான் மிளகு சொன்னேன். ஆட்டுக்கும்.

அம்மாவின் கை அந்த வருடம்தான் வீங்கத் தொடங்கியது.

அம்மா பீடி சுற்றுகிறவள். மடியில் சொளவை, அதாவது முறத்தை, வைத்து, இலையை வெட்டி, தூளை வைத்து உருட்டி, நூலால் கட்டி, முனையை மடக்கி வைக்கும் வேகத்தில் அவள் விரல்களைத் தனித்தனியாகப் பார்க்க முடியாது. நான் படித்த ஒவ்வொரு வகுப்பும் அந்தச் சொளவிலிருந்து வந்ததுதான். அவளுடைய கட்டு பீடிக்கடையில் கழிபட்டு நான் கேட்டதில்லை. கடையில் ஒரு செக்கர் உட்கார்ந்து எல்லோருடைய கட்டையும் சோதித்துச் சரியில்லாததைக் கூடையில் எறிவார். மற்ற பெண்கள் அவர் முன்னால் நிற்கும்போது சாமி பெயரை முணுமுணுப்பார்கள். அம்மா கொட்டாவி விடுவாள்.

அப்படிப்பட்டவள் காலையில் ஒரு மணி நேரம் விரலை மடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் முட்டி முட்டியாக வீக்கம். "பீடி சுத்துத கை அப்படித்தான் இருக்கும்" என்றாள். பக்கத்து வீட்டு அத்தையும் அதையே சொன்னாள். அத்தையும் பீடி சுற்றுகிறவள்தான். அவள் கை நன்றாக இருந்தது.

தென்காசியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து, இது முடக்குவாதம் என்றார். கிருமியை அடிக்க வேண்டிய டி செல்கள் வழி தவறி மூட்டின் உள்சவ்வை அடிக்கின்றன, மற்ற செல்களையும் தூண்டிவிடுகின்றன. இப்போதே மாத்திரை தொடங்கினால் விரல் கோணாமல் காப்பாற்றலாம், தள்ளிப்போட்டால் கோணியது நிமிராது. இதை அவர் ஆங்கிலத்தில் சொன்னார். நானும் ஆங்கிலத்தில் நான்கு கேள்வி கேட்டேன். இரண்டு எனக்கு ஏற்கெனவே விடை தெரிந்த கேள்விகள். அவர் என்னை, "நீங்க இந்தத் துறையா?" என்று கேட்பதற்காகக் கேட்டவை. கேட்டார். அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துப் பூரித்துப் போயிருந்தாள். எங்கள் பேச்சில் அவளுக்குப் புரிந்தது கடைசியில் அவர் தமிழில் சொன்ன ஒரு வரி.

"இது எதிர்ப்பு சக்தியக் குறைக்கிற மாத்திரைம்மா. வாரத்துல ஒரே ஒரு நாள்தான் போடணும், மறந்துராதீங்க."

நான் அந்த வாரமே மதுரையில் ஓர் ஆய்வுக்கூட வேலைக்குப் போய்விட்டேன். வாரா வாரம் போன் செய்வேன்.

"மாத்திரை போட்டியாம்மா?"

"போட்டேன் போட்டேன். நீ சாப்பிட்டியா?"

நாலு மாதம் இப்படியே போனது.

சாரல் தொடங்கிய பிறகு லீவில் வந்தேன். அம்மாவின் கை முன்னைவிட மோசமாக இருந்தது. வலதுகை மோதிர விரல் பாதியில் மடங்கி நின்றது. சட்டைப் பித்தான் தைக்க நூல் தேடி அம்மாவின் பீடி நூல் டப்பாவைத் திறந்தேன். நூல்கண்டுக்கு அடியில் மஞ்சள் மாத்திரைகள் அட்டை அட்டையாக, ரப்பர் பேண்ட் போட்டு, ஒன்றுகூடப் பிரிக்காமல் இருந்தன.

"இது என்னம்மா?"

"மாத்திரை."

"அது தெரியுது. இங்கன எதுக்கு இருக்கு?"

"பத்திரமா இருக்கட்டுமேன்னு வச்சேன்."

"திங்கதுக்குக் குடுத்தாரா, பத்திரமா வைக்கக் குடுத்தாரா?"

அம்மா கதவைப் பார்த்தாள். அத்தை ஏற்கெனவே உள்ளே வந்து கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் குரல் உயர்ந்தால் கதவு தட்ட வேண்டியதில்லை.

"ஏட்டி, கொஞ்சம் யோசிச்சுப் பாரு" என்றாள் அம்மா. "விலக்குல ஒனக்கு அம்மாம் பெரிய போர்டு வச்சி, எதிர்ப்பு சக்தின்னு எழுதி, சிங்கத்த வேற நிப்பாட்டியிருந்துச்சு. ஊரே பாத்துச்சு. அப்பேர்ப்பட்டவளுக்க அம்மா, எதிர்ப்பு சக்தியக் கொறைக்க மாத்திரைய முழுங்குதான்னா நாலு பேரு என்ன சொல்லுவாவ? மக கூட்டுதா, ஆத்தா கொறைக்கான்னு சிரிக்க மாட்டாவளா?"

"அதானே" என்றாள் அத்தை. "டீச்சர் வீட்டுப் பிள்ளைக்குப் படிச்சத மறக்க மருந்து குடுத்த மாதிரில்லா இருக்கு."

என் படிப்பின் கௌரவத்தைக் காப்பாற்ற அம்மா தன் விரலைக் கொடுத்துக் கொண்டிருந்தாள். இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் பக்கவிளைவாகப் போடவில்லை.

"அதுக்காவ சும்மா இருந்தேன்னு நெனைக்காத" என்று அம்மா அத்தையைக் காட்டித் தொடர்ந்தாள். "மயினி குத்தாலத்துல லேகியம் வாங்கித் தந்தா. எதிர்ப்பு சக்தி லேகியம். ஒன் படிப்புக்கு ஏத்தது." அலமாரியில் ஐந்து காலி பாட்டில்கள் வரிசையாக நின்றன.

அன்று மத்தியானமே நான் பாடம் நடத்தினேன். என் பிளெக்ஸ் காற்றில் கிழிவதற்கு முன் அப்பா கழற்றி மடித்து வைத்திருந்தார். அதைக் கவிழ்த்துப் போட்டால் பின்பக்கம் வெள்ளை. தரையில் விரித்து மார்க்கரால் வரைந்தேன். எலும்பு வரைந்து, இதற்குள் இருக்கும் மஜ்ஜையில் செல் பிறக்கிறது என்றேன். நெஞ்செலும்பு வரைந்து, இதன் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி, இங்கே வந்து பக்குவப்படுவதால்தான் இதற்கு டி செல் என்று பெயர் என்றேன். சி.டி. எட்டு கொல்லும். சி.டி. நாலு உதவும். உதவுவதிலேயே டி.எச். ஒன்று, டி.எச். இரண்டு, டி.எச். பதினேழு.

"இரு ட்டி, இரு" என்றாள் அத்தை. "ஒண்ணு, ரெண்டு, அதுக்குப் பொறவு நேரா பதினேழா? நடுவுல உள்ள பதினாலும் எங்க போச்சு?"

அதை எனக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

"செத்துப் போச்சோ?" என்று அத்தை இரக்கத்தோடு கேட்டாள். அம்மா, "படம் நல்லா வரையுதா" என்று என் மார்க்கரைப் பாராட்டிவிட்டு அரிசி களையப் போனாள்.

மறுநாள் அவளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனேன். லேகியக்காரரையே அவள் முன்னால் மடக்கிவிடுவது என் திட்டம். சீசன் கூட்டம். எண்ணெய் பூசிக்கொண்டு பளபளத்த உடம்புகள் துண்டோடு அருவிக்குப் போவதும் ஈரத்தோடு திரும்புவதுமாக இருந்தன. ரம்புட்டான் தோல் காலில் ஒட்டியது. எண்ணெயும் சிப்ஸும் சேர்ந்த ஒரு வாசம். அத்தை சொன்ன கடையில் பாட்டில்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. மூட்டுக்கு ஒன்று, முடிக்கு ஒன்று, நடுவில் பெரிய எழுத்தில் எதிர்ப்பு சக்தி. கண்ணாடி போட்ட கடைக்காரர் அம்மாவைப் பார்த்ததும், "வாங்க தாயி, கை எப்படி இருக்கு?" என்று கேட்டார். நாலு மாதத்தில் நான் போனில் அப்படிக் கேட்டதில்லை. மாத்திரை போட்டாயா என்றுதான் கேட்டிருக்கிறேன்.

"அண்ணாச்சி, இந்த லேகியம் எந்த செல்லக் கூட்டும்?" என்று ஆரம்பித்தேன்.

"எல்லாத்தையும் கூட்டும்மா."

"எல்லாத்தையும் கூட்டுனா ஆபத்தாச்சே?"

"சக்தி கூடுனா ஆபத்தா?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடை முன்னால் நின்ற நாலைந்து பேர் கிட்ட வந்தார்கள். "நீங்க எங்க படிக்கியம்மா?"

"படிச்சு முடிச்சிட்டேன். எதிர்ப்பு சக்திதான் என் பாடமே. சில பேருக்கு அது ஏற்கெனவே அளவுக்கு மீறி வேலை செய்யும். சொந்த மூட்டையே அடிக்கும். இவங்களுக்கு அப்படித்தான்."

"சரி. அப்பம் நீங்க என்ன குடுப்பிய?"

அந்தக் கேள்வியின் முனை எனக்குத் தெரிவதற்குள் வாயைத் திறந்துவிட்டேன். "குறைக்கிற மாத்திரை."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். "கேட்டியளா? நான் கூட்டுதேன். படிச்ச பிள்ள கொறைக்கா. இனி ஒங்க இஷ்டம்."

என் கண் முன்னால் மூன்று பாட்டில் விற்றது. தலையெல்லாம் எண்ணெயோடு நின்ற ஒருவர் இரண்டு வாங்கினார். அம்மாவும் ஒன்று வாங்கினாள்.

"எதுக்கும்மா?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"நீ அந்தாளு கடையில போயி சண்டை போட்ட. ஒண்ணு வாங்காம வந்தா மரியாதையா இருக்குமா?"

லேகியத்தில் வெல்லமும் திப்பிலியும் நெய்யும் இருந்தன. ருசியாகத்தான் இருந்தது. அவர் நல்லவர்தான். அவரிடம் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது, அது எல்லோருக்கும் புரிந்தது. என்னிடம் இரண்டு வருடப் படிப்பு இருந்தது.

அதற்கடுத்த நாள் பீடிக்கடைக்கு அம்மாவின் கூடையை நான் தூக்கிக்கொண்டு போனேன். அவளால் தூக்க முடியவில்லை. பெண்கள் சுவரை ஒட்டி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், அத்தை எங்களுக்கு முன்னால். செக்கர் மேசைக்குப் பின்னால் இருந்தார். ஒல்லியான ஆள், எதற்கும் சிரிக்காத முகம். ஒரு கட்டை எடுப்பார், கட்டைவிரலால் அழுத்துவார், ஒரு பீடியை உருவிப் பற்றவைக்காமலே உதட்டில் வைத்து இழுத்துப் பார்ப்பார்.

"இது பொலபொலன்னு இருக்கு. பத்த வைக்க முன்னால தூள் மடியில விழுந்துரும்." கூடைக்குள் போனது. அடுத்தது. "இது என்னது, கம்பியா? இத இழுக்க மோட்டார் வைக்கணும்." அதுவும் கூடை. அடுத்தது தளர்வும் இல்லை, இறுக்கமும் இல்லை. பேசாமல் வலப்பக்கம் வைத்தார்.

அம்மாவின் முறை வந்தது. முதல் கட்டை அழுத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். இரண்டாவது. மூன்றாவது. கூடையில் விழும் சத்தத்தை என்னால் எண்ண முடிந்தது.

"யக்கா, ஒங்க கட்டு இப்படி இருக்காதே" என்றார் தணிந்த குரலில். "மூணு வாரமாப் பாக்கேன். இப்படியே போச்சுன்னா இலையும் தூளும் வாங்குத ஒங்க கார்ட வேற ஆளுக்கு மாத்தச் சொல்லிருவாவ. நான் என்ன செய்ய?"

அம்மா கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சுவரோரம் வந்து உட்கார்ந்தாள். என் முன்னால் நடந்துவிட்டதே என்பதுதான் அவள் முகத்தில் இருந்தது.

எனக்குத் தேற்றத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்.

"எம்மா, தைமஸும் இதேதான் செய்யுது" என்றேன்.

"எது?"

"நெஞ்செலும்புக்குப் பின்னால வரைஞ்சேன்லா. அங்கயும் ஒரு செக்கிங் இருக்கு. புதுசா வந்த செல் ஒவ்வொண்ணுக்கும் நம்ம உடம்போட அடையாளத்தக் காட்டும். அதப் பிடிக்கவே தெரியாம வழுக்கி விட்டுட்டா, அது பொலபொலன்னு உள்ளது. கழிச்சிரும். ரொம்ப இறுக்கிப் பிடிச்சா, இது வெளிய போனா சொந்த உடம்பையே பிடிச்சு நெரிக்கும்னு அதையும் கழிச்சிரும். நடுத்தரமாப் பிடிக்கதத்தான் வெளிய விடும்."

அம்மா செக்கரின் கையைப் பார்த்துக் கொண்டிருந்தாள். "நெறையக் கழிக்குமோ?"

"பெரும்பாலும் கழிவுதான். கொஞ்சந்தான் தேறும்."

"அநியாயமால்லா இருக்கு. கழிச்சத என்ன செய்யும்?"

"அங்கனயே இருக்க பெரிய செல்லு தின்னுரும்."

அம்மா கூடையைப் பார்த்தாள், செக்கரைப் பார்த்தாள். கழித்த பீடி எங்கே போகிறது என்று அந்தக் கடையில் யாரும் கேட்டதில்லை. "அங்கயுமா?" என்றாள். பக்கத்தில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். செக்கர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

"சரி, தேறுனதெல்லாம் என்ன வேலை பாக்கும்?"

"உள்ள இருக்கையிலயே கொல்லுத கூட்டம், உதவுத கூட்டம்னு பிரிஞ்சிரும். உதவுத கூட்டம் வெளிய வந்து, அங்கன என்ன சத்தம் கேக்கோ அதுக்குத் தக்கன வேலைய எடுத்துக்கிடும். வைரஸா, புழுவா, பூஞ்சையா, எது வந்துருக்குன்னு பாத்து."

"ஒரே இலைதான், கடையில கேக்க அளவுக்கு வெட்டுதோம். அப்படித்தான?"

"அப்படித்தான்."

பிறகு அம்மா, எந்தப் பேராசிரியரும் என்னிடம் கேட்டிராத தோரணையில் ஒரு கேள்வி கேட்டாள். "இந்தாளு கண்ணுக்கே நாளுக்கு நாலு கட்டு தப்பிரும். அங்க தப்பாதா?"

"தப்பும். இறுக்கிப் பிடிக்கதுல கொஞ்சம் தப்பி வெளிய வந்துரும். ஒன் விரலு முட்டியில நிக்கது அதுதான்."

"அதக் கேக்க ஆளு கெடையாதா?"

"உண்டும்மா. அடக்குத செல்லுன்னு ஒண்ணு இருக்கு. மத்ததப் போயி, போதும், நிப்பாட்டுன்னு சொல்லும். அதுவும் தைமஸ்லதான் உருவாகுது. ரொம்ப இறுக்கமும் இல்லாம, நடுத்தரமும் இல்லாம, கொஞ்சம் இறுக்கமாப் பிடிக்கும்லா, அதுல சிலதக் கழிக்காம, இந்த வேலைக்கு ஆக்கி விட்டுரும்."

அம்மா சட்டென்று என் பக்கம் திரும்பினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"இவனும் அப்படித்தாம்ட்டி."

"யாரு?"

"செக்கரு. இவன் முதல்ல பீடி சுத்துனவன். அவ்வோ வீட்டுல பொம்பளைக கெடையாது, இவன்தான் சுத்துவான். கை இறுக்கம். ஒருத்தரும் இழுக்க முடியாது. பழைய செக்கரு கழிச்சுக் கழிச்சுப் பாத்துட்டு, ஒனக்கு இறுக்கந்தான வருது, இங்கன வந்து உக்காருலேன்னு கூடவே வச்சுக்கிட்டாரு."

என் இரண்டு வருடப் படிப்பில் மிகக் கடினமான பாடம் அது. அம்மாவுக்கு அந்த ஆளையே தெரிந்திருந்தது.

"அப்பம் எனக்கு சக்தி கொறையல" என்றாள் மெதுவாக. "செக்கருதான் பத்தல."

"ஆமா."

"இந்த மாத்திரை செக்கரக் கொண்டாருமா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லம்மா. சண்டை போடுததுகளக் கொஞ்சம் சோர்வாக்கும். கை வேகத்தக் கொறச்சா, கழிவும் கொறையும்லா. அப்படி. கிருமி வந்தா கொஞ்சம் கவனமா இருக்கணும், மாசா மாசம் ரத்தம் பாக்கணும். அதுவும் உண்டு."

"லேகியம்?"

"அது நெசமா எதையாவது கூட்டுதான்னே எனக்குத் தெரியாது. கூட்டுச்சுன்னா, செக்கர் லீவுல இருக்கும்போது எல்லாரையும் வேகமாச் சுத்தச் சொன்ன கதைதான்."

அம்மா எழுந்தாள். "கொறைக்க மாத்திரைன்னு யாருட்டயும் சொல்லப்படாது. செக்கிங் மாத்திரைன்னு சொல்லு. அதுன்னா ஒன் படிப்புக்கும் பொருத்தமா இருக்கும்."

முதலில் டாக்டரிடம்தான் போனோம், நாலு மாதம் போடாததைச் சொல்லி மறுபடி ரத்தம் பார்க்க. இந்த முறை தமிழில் பேசினேன். அவர் என்னை அந்தத் துறையா என்று கேட்கவில்லை. பீடிக்கடை ஞாயிற்றுக்கிழமை லீவு என்பதால் மாத்திரைக்கு ஞாயிறு என்று அம்மா முடிவு செய்தாள்.

அந்தப் பெயர் இவ்வளவு வேகமாக ஓடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் லீவின் இரண்டாம் வாரம் அத்தை வந்து, "மயினி, அந்த செக்கிங் மாத்திரையில எனக்கும் ரெண்டு குடு, எதுக்கும் ஒடம்ப ஒரு செக்கிங் பண்ணிக்கிடுதேன்" என்று கையை நீட்டினாள். நான் பாய்ந்து டப்பாவைப் பிடுங்கினேன். ஆட்டுக்காரரும் விசாரித்ததாகக் கேள்வி. வீடு வீடாகப் போய், அது நோய் உள்ளவர்களுக்கு மட்டும், டாக்டர் சொன்னால் மட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். எதிர்ப்பு சக்தியின் சிகரம் தெருவில் முதன்முதலாக ஒருவருக்கும் ஒன்றையும் சாப்பிடச் சொல்லவில்லை. "என்னமோ படிச்சா, இப்பம் எல்லாத்துக்கும் வேண்டாங்கா" என்று அத்தை வருத்தப்பட்டாள்.

கார்டு போகவில்லை. அதற்கு நான் காரணமில்லை. மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும், அதுவரை அம்மாவால் சுற்ற முடியாது. அத்தையும் இன்னும் இரண்டு பேரும் அவள் பங்கையும் சேர்த்துச் சுற்றினார்கள். பதிலுக்கு அம்மா அவர்களுடைய கட்டுகளைக் கடைக்குப் போவதற்கு முன் சோதித்தாள். வீங்கிய விரலால் அழுத்த முடியாது. காதருகே வைத்து உருட்டிப் பார்ப்பாள், கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். செக்கரிடம் தப்பியவை அவளிடம் தப்பவில்லை.

"மயினி, அவனே தேவலையே" என்று அத்தை புலம்பினாள்.

"பிரிச்சுச் சுத்து. பேச்சக் கொற."

தன் கழிவுக் கூடை காலியாகப் போவதைப் பார்த்துச் செக்கர் சந்தேகப்பட்டு, ஒருநாள் எங்கள் வீட்டு வாசல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாராம். என் பிளெக்ஸை அம்மா நாலாக வெட்டிவிட்டாள். நனைத்த இலையை மூடிவைக்க சாக்கைவிட அது நல்லது என்றாள். எனக்குக் கொஞ்சம் வலித்தது. சிங்கம் இருந்த துண்டு அத்தை வீட்டுக்குப் போயிற்று.

இப்போது அம்மா மறுபடி சுற்றுகிறாள், முன்பிருந்த வேகத்தில் பாதி. காலையில் விரல் மடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மதுரையிலிருந்து நான் வீடியோவில் கூப்பிடுவேன். மாத்திரையை நாக்கில் வைத்துக் காட்ட வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், வாயைத் திறந்து காட்ட வேண்டும். அவளை நம்பாத செக்கர் நான்.

"கை எப்படிம்மா இருக்கு?" என்று இப்போதெல்லாம் முதலில் கேட்கிறேன்.

"நல்லாருக்கு. பாரு." போன ஞாயிறு இடது கையைக் காட்டினாள். வீக்கம் வடிந்து ஐந்து விரலும் நேராக நின்றன.

"வலது கை?"

"அதும் நல்லாத்தான் இருக்கு." நான்கு விரல் தெரிந்தது. மோதிர விரல் இருக்க வேண்டிய இடத்தில் போனின் ஓரம் வந்துவிட்டது.

"முழுசாக் காட்டு."

"இங்கன டவர் சரியா கெடைக்கல ட்டி" என்றாள். படம் தெளிவாகத்தான் இருந்தது. அவள் மூக்குத்தி வரை தெரிந்தது. "சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.